"விட்டுடலாமா அண்ணா?" என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது

டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற தம்பி, தங்கைகள் நிறையப் பேர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. வயது இருபத்தெட்டு, முப்பது இருக்கும். இன்னொரு வருஷம் படிப்பதா, கிடைக்கிற வேலைக்குப் போவதா?

நாம் உடனே ஒரு பதில் சொல்லிவிடுகிறோம். "விடாம படி" என்கிறார் ஒருத்தர், "காலத்தை வீணாக்காதே" என்கிறார் இன்னொருத்தர். அந்தப் பிள்ளை எத்தனை மார்க்கில் கட்-ஆஃபைத் தவறவிட்டது என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் அதைக் கேளுங்கள். குரூப் 4-ல் மொத்தம் 300 மதிப்பெண். கடைசியாக எழுதிய தேர்வுகளில் கட்-ஆஃபுக்கும் தன் மார்க்குக்கும் இருந்த தூரம் குறைந்துகொண்டே வருகிறதா, அப்படியே நிற்கிறதா என்று அவர்களையே ஒரு தாளில் எழுதிப் பார்க்கச் சொன்னால், நாம் வாயே திறக்க வேண்டாம், பாதி விஷயம் அவர்களுக்கே புரிந்துவிடும். 2024 குரூப் 4-க்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244, விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். இதில் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பிள்ளை சோம்பேறி என்று அர்த்தமா? இதை வீட்டில் இருப்பவர்களுக்கும் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு சிக்கல், யூபிஎஸ்சி மாதிரி பொதுப் பிரிவுக்கு ஆறு முறைதான் என்ற கணக்கு இங்கே கிடையாது. குரூப் 1-ஐயே பிசி, எம்பிசி, எஸ்சி பிரிவினர் 39 வயது வரை எழுதலாம். போதும் நிறுத்து என்று தேர்வாணையம் சொல்லப் போவதில்லை, அதனால் எல்லைக்கோட்டை அவர்களேதான் போட்டுக்கொள்ள வேண்டும். அதையும் ரிசல்ட் வந்த ராத்திரியில் அழுதுகொண்டு போடக்கூடாது, படிப்பு நன்றாகப் போகிற ஒரு சாதாரண நாளில் உட்கார்ந்து, எந்தத் தேர்வு வரை, யார் பணத்தில், அதற்குள் பகுதிநேரமாக என்ன வேலை பார்க்கலாம் என்று பேசி முடிவு செய்ய வேண்டும். இலவசப் பயிற்சிக்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது, அதையும் சொல்லுங்கள்.

தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்கிற பிள்ளையிடம் இதையெல்லாம் பேசாதீர்கள். முதலில் 14416-க்கு, அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸுக்கு, போன் போட்டுக் கொடுங்கள். மற்ற கணக்கெல்லாம் அப்புறம்.

அப்பாவிடம் முடிவைச் சொல்ல பயப்படுகிறார்கள் என்றால் கூடவே போங்கள். பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம், "படிப்பை விட்டுட்டியா, சரி, அப்ப மாப்பிள்ளை பார்த்துடலாம்" என்று பேச்சு அங்கேயே திரும்பிவிடும். வேலைக்குப் போகப் போகிறேன் என்று அவள் சொல்லி முடிக்கும் வரை பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும்.