ரெட் ராக்ஸ் அரங்கில் கட்டாமல் விட்டவை

திறந்தவெளி அரங்கு ஒன்றைக் கட்டியதுமே, அது "இயற்கையோடு இயைந்தது" என்று விளம்பரத்தில் எழுதிவிடுகிறார்கள். நான்கு மரக்கன்றுகளை நட்டுச் சுவருக்குப் பச்சை வண்ணம் பூசினாலே அந்தப் பெருமை கிடைத்துவிடுகிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகருக்கு மேற்கே இருக்கும் ரெட் ராக்ஸ் அரங்கோடு ஒப்பிட்டால் இந்த விளம்பரங்களில் பாதி நிற்காது என்பது என் எண்ணம்.

ஏறத்தாழ 300 அடி உயர்ந்து நிற்கும் இரண்டு செம்மணற்பாறைகளுக்கு நடுவே, மலைச்சரிவின் போக்கிலேயே, ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரும் படிவரிசைகளை வடிவமைத்தவர் பர்ன்ஹாம் ஹாய்ட் என்ற கட்டடக் கலைஞர். பக்கவாட்டில் அவர் சுவர் எழுப்பவில்லை. அந்த வேலையைப் பாறைகளே பார்த்துக்கொள்கின்றன. மேடை கிழக்கே தாழ்வில் இருப்பதால், மாலைச் சூரியன் பார்வையாளரின் முதுகுக்குப் பின்னால் இறங்கிவிடுகிறது, கண் கூசுவதில்லை. இருட்டிய பிறகு மேடைக்கு அப்பால் சமவெளியும் டென்வரின் விளக்குகளும் தெரிகின்றன. படிகளின் இரு ஓரங்களிலும் ஜூனிப்பர் மரங்களுக்கு இடம் விட்டிருப்பதால், கட்டுமானம் எங்கே முடிந்து பாறை எங்கே தொடங்குகிறது என்பது உறுத்தாமல் கரைந்துபோகிறது. 2003-இல் பார்வையாளர் மையம் தேவைப்பட்டபோதும், அதை உச்சியில் தனிக் கட்டடமாக நிறுத்தாமல், மேல்தளத்துக்கு அடியில் ஒளித்துவைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

அதற்காக இங்கே யாரும் மண்ணைத் தொடவே இல்லை என்று கதை கட்ட வேண்டியதில்லை. 1936-இல் தொடங்கி 1941-இல் திறக்கப்பட்ட இந்த அரங்குக்காக, நடுவில் கிடந்த பெரும்பாறைகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1930-களின் பொருளாதாரப் பெருமந்த காலத்தில் அரசின் வேலைத்திட்டத்தில் சேர்ந்த இளைஞர்கள், மாதம் 30 டாலர் கூலிக்குச் செய்த கடும் உழைப்பு அது. எதைத் தகர்ப்பது, எதில் கைவைக்கவே கூடாது என்று அரங்கைத் திட்டமிட்டவர்கள் முன்கூட்டியே தெளிவாக இருந்தார்கள் என்பதே அவர்களுக்குரிய பாராட்டு.

பிற்காலத்தில் ஒளி, ஒலிக் கருவிகளைத் தாங்குவதற்காக மேடைக்குமேல் போட்ட கூரை எனக்கு உடன்பாடில்லை. பின்னணிப் பாறையை அது கொஞ்சம் மறைக்கிறது. இன்றைய கச்சேரிகளுக்கு அது இல்லாமல் முடியாது என்பார்கள், இருக்கட்டும். ஆனால் ஒலிபெருக்கியின் அதிர்வு பாறைகளோடு நின்றுவிடுவதில்லை. சுற்றுப்புறத்தில் வசிப்பவர்கள் முறையிட்டதால், பேஸ் எனப்படும் தாழ்ந்த அதிர்வொலியின் அளவுக்கும் வரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. புதிதாக அரங்கு கட்டுகிறவர்கள் இருக்கைகளின் எண்ணிக்கையை முடிவு செய்வதற்கு முன்பே, ஒலி எந்த ஊர்வரை போகும் என்று அளந்து பார்த்துவிடுவது நல்லது.