கீச்சென்ற அந்த ஒரு நொடி இருக்கட்டும்

எங்கள் கல்லூரி ஜாஸ் குழு ஆல்பம் பதிவு செய்துகொண்டிருக்கிறது என்று சொன்னால், புதுச்சேரியில் முதலில் வரும் கேள்வி "யார் பாடுகிறார்கள்?" என்பதுதான். யாரும் பாடவில்லை. இரண்டு சாக்சபோன், டிரம்பெட், டிராம்போன், கீபோர்டு, கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ். எட்டுப் பேர், ஏழு உருப்படிகள். அடுத்த கேள்வி, "கணக்கு வாத்தியாருக்கு இதில் என்ன வேலை?" என் அப்பா கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பேண்டு செட்டில் கிளாரிநெட் வாசித்தவர். அந்த ஒரே தகுதியில் என்னைப் பொறுப்பாளர் ஆக்கிவிட்டார்கள். கூடுதல் சம்பளம் கிடையாது, கூடுதல் கையெழுத்துகள் உண்டு.

ஏழு உருப்படிகளும் மாணவர்களே அமைத்தவை. லட்சியம் ஒன்றும் இல்லை, சட்டம்தான் காரணம். பழைய அமெரிக்க உருப்படி ஒன்றைச் சேர்க்க ஆசைப்பட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தைப் புரட்டினேன். உரிமையாளரிடம் நேரடியாக அனுமதி வாங்காமல் பிறர் உருப்படியை மீண்டும் பதிவு செய்ய வழி தரும் 31சி பிரிவின் வழியாகப் போனால், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 படிகளுக்கான ராயல்டியைக் கட்ட வேண்டும். நாங்கள் போட நினைத்தது 100 குறுந்தகடு. புத்தகத்தை மூடிவிட்டேன்.

"உலக இசை நாளான ஜூன் 21 அன்று கடற்கரைச் சாலையில் வாசித்தீர்களே, அது போதாதா, ஆல்பம் எதற்கு?" என்று மூத்த சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். டெக்சாஸின் டென்டன் நகரத்துக் கல்லூரி ஒன்றில் 1947இல் ஜாஸ் பட்டப்படிப்பு தொடங்கியபோது, ஜாஸ் என்று வெளியே சொல்லக் கூசி அதற்கு 'நடன இசைக்குழு' என்று பெயர் வைத்தார்கள். அந்த மாணவர் குழுவின் ஆல்பம் 1970களில் கிராமி விருதுக்கான பரிந்துரைப் பட்டியல் வரை போனது. இதை அவரிடம் சொன்னேன். "நமக்கு கிராமியா?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் நான் எழுத வந்தது இதைப் பற்றி அல்ல, பதிவில் விழுந்த ஒரு பிழையைப் பற்றி.

லாசுப்பேட்டையில் ஒரு சிறிய ஸ்டுடியோவை இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுத்தோம். ஒலிப்பதிவாளர் இளைஞர், கெட்டிக்காரர், விளம்பரப் பாடல்களில் கை பழகியவர். முதல் நாள் அவர் வழக்கப்படியே நடந்தது. காதில் கிளிக் (தாளம் தவறாமல் இருக்க ஓடவிடும் 'டிக் டிக்' ஒலி) ஓட, முதலில் டிரம்ஸ் மட்டும். அது முடிந்து பேஸ். பிறகு கீபோர்டு, கிட்டார். மாலை ஆறு மணிக்கு ஆல்டோ சாக்சபோன் வாசிக்கும் பெண் கண்ணாடி அறைக்குள் தனியாக நின்று, ஹெட்போனில் கேட்ட நண்பர்களோடு வாசித்தாள். அந்த நண்பர்களில் இருவர் அப்போது தெருமுனை டீக்கடையில் இருந்தார்கள்.

போட்டுக் கேட்டோம். ஒரு பிழை இல்லை. லிஃப்டில் ஓடவிடலாம் போல் இருந்தது.

ஜாஸுக்கே உரிய ஸ்விங் நடையைத் திஸ்ர நடை தெரிந்தவர்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். மூன்று மாத்திரையில் முதல் இரண்டைச் சேர்த்துப் பிடித்து மூன்றாவதைத் தட்டிவிடுவது போன்ற நடை. ஆனால் கறாராக இரண்டுக்கு ஒன்று என்றும் இல்லை. வேகம் கூடக்கூட இரண்டும் சமமாகிக்கொண்டே போகும். எவ்வளவு சமம் என்று தாளில் எழுத முடியாது. அது டிரம்ஸில் தாளம் ஓட்டும் ரைடு சிம்பல் என்ற தட்டும் பேஸும் அந்தந்த நொடியில் பேசித் தீர்த்துக்கொள்ளும் சமாச்சாரம். ஒருவர் டீக்கடையில் இருந்தால் யாரோடு பேசுவது?

அப்பாவின் பேண்டு செட் ஊர்வலத்தில் நடந்துகொண்டே வாசிக்கும். மாப்பிள்ளை கார் நின்றால் பாட்டு நீளும், நகர்ந்தால் சுருங்கும். பெரிய டிரம்காரரின் தோள் ஏறுவதைப் பார்த்துத்தான் அப்பா மூச்சு எடுப்பார். ஒருமுறை அந்தத் தோள் கூட்டத்தில் மறைந்துவிட, அரை ஆவர்த்தனம் அனாதையாக நின்றதை இன்றும் சொல்லுவார்.

இரண்டாம் நாள் நான் பிடிவாதம் பிடித்தேன். எட்டுப் பேரும் ஒரே அறையில், கிளிக் இல்லாமல். "சார், ஒருவர் மைக்கில் இன்னொருவர் ஒலி கசியும். அப்புறம் எதையும் திருத்த முடியாது" என்றார் ஒலிப்பதிவாளர். "அதற்காகத்தான் கேட்கிறேன் தம்பி" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஆனாலும் மனிதர் வீட்டிலிருந்து இரண்டு மெத்தைகளை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்து டிரம்ஸைச் சுற்றி நிறுத்தினார்.

1923இல் கிங் ஆலிவரின் ஜாஸ் குழு இண்டியானாவின் ரிச்மண்டில் ஜெனெட் நிறுவனத்துக்காகப் பதிவு செய்தபோது மைக்கே கிடையாது. ஒரு புனல், அதன் முன்னால் மொத்தக் குழுவும். இளைஞரான லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் மற்றவர்களை அமுக்கியதால் அவரை மட்டும் பல அடி பின்னால் தள்ளி நிறுத்தினார்களாம். மிக்ஸிங் என்பது, அதாவது யார் ஒலி எவ்வளவு என்று சரிக்கட்டுவது, அன்றைக்குக் கால்களின் வேலை. ஸ்டுடியோவை ஒட்டி ரயில் பாதை இருந்ததால் ரயில் வந்தால் பதிவு நிற்கும். எங்களுக்கு ரயிலுக்குப் பதில் ஆடி மாதம். பக்கத்துத் தெரு அம்மன் கோயில் ஒலிபெருக்கி மதியம் கூழ் ஊற்ற ஓய்ந்த பிறகுதான் தொடங்கவே முடிந்தது.

ஏசி இரையும் என்பதால் அதையும் நிறுத்தியாயிற்று. அரை மணி நேரத்தில் சட்டைகள் முதுகோடு ஒட்டிக்கொண்டன. அறை சூடானால் ஊதுவாத்தியங்களின் சுருதி ஏறும், கீபோர்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒவ்வொரு டேக்குக்கும், அதாவது ஒவ்வொரு முறை வாசித்துப் பதிவதற்கும் முன்னால், ஆல்டோ வாசிக்கும் பெண் மவுத்பீஸை ஒரு நூல் அளவு வெளியே இழுத்து, கீபோர்டோடு ஒரு ஸ்வரம் ஊதிச் சரிபார்த்துக்கொண்டாள்.

மூன்றாவது உருப்படி, நான்காவது டேக். அவளுடைய தனி வாசிப்பு மேலே ஏறும் இடத்தில் ரீட் (மவுத்பீஸில் அதிரும் நாணல் பட்டை) கீச்சென்றது. கோழிக்குஞ்சை மிதித்தது போல. அவள் கண்ணை மூடிக்கொண்டாள், நிறுத்தவில்லை. கீபோர்டு பையன் அடுத்த கணமே வலது கையை மேலே கொண்டுபோய் அதே கீச்சை இரண்டு முறை தட்டினான். டிரம்ஸிலிருந்து ஒரு துள்ளல் பதில். பிறகு அவள் அந்தப் பிழையையே பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வந்தாள். முதல் நாள் முழுவதும் கிடைக்காதது பத்து விநாடியில் கிடைத்தது.

ஐந்தாவது டேக்கும் எடுத்தோம். சுத்தமாக இருக்கிறது. சுத்தம் மட்டும்தான் இருக்கிறது.

கிளிக்கே பாவம் என்று சொல்லவில்லை. படத்தோடு பொருந்த வேண்டிய சினிமா இசைக்கு அது தேவை, சாதகத்துக்கும் நல்லது. ஆனால் நம் ஊரில் பழைய கச்சேரிப் பதிவுகளைத் தேடி அலைகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். வித்வான் தொண்டையைச் செருமுவதும் பக்கவாத்தியக்காரரைப் பார்த்து 'பேஷ்' என்பதும் சேர்ந்துதான் அவர்களுக்குக் கச்சேரி.

இவ்வளவையும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "சார், உங்களுக்கு அது உயிர். எனக்கு அது என் பெயரோடு இணையத்தில் கிடக்கப்போகிற பிழை. மேல்படிப்புக்கு நான் அனுப்பப்போவது இதைத்தான்" என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சரியான பதில் இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.

எட்டுப் பேரும் வாக்களித்தால் இப்போதைக்கு ஐந்தாவது டேக்குக்கு 5, நான்காவதுக்கு 3. எனக்கு வாக்கு இல்லையாம், என் பக்கம் இருக்கும் டிரம்ஸ் பையனே சட்டம் பேசுகிறான். மிக்ஸிங் வருகிற சனிக்கிழமை. அதற்குள் ஆதரவு திரட்டலாம் என்று ஞாயிற்றுக்கிழமை கடலூர் போய், அப்பாவின் காதில் ஹெட்போனை மாட்டி நான்காவது டேக்கை முழுவதும் கேட்க வைத்தேன். கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக் கேட்டார். கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நன்றாக வாசிக்கிறது அந்தப் பெண். ரீடை மாற்றச் சொல்."

இதை நான் குழுவில் யாரிடமும் சொல்லியிருக்கக் கூடாது.