டிசம்பர் 16 வந்தால் அப்பா

1971 இந்திய–பாகிஸ்தான் போர் வீரர்கள் பற்றிய கட்டுரையைப் படித்ததும் அப்பா ஞாபகம். வெலிங்டனில் பயிற்சி முடித்து மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தவர், ஹவில்தாராக ஓய்வு பெற்றார். அந்த டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்து, 93,000 பேர் போர்க் கைதிகளானதைக் கட்டுரை பெருமையோடு சொல்கிறது. அப்பா அதை அதிகம் பேசியதில்லை. எல்லை தாண்டி வந்த அகதிக் கூட்டத்தில் ஒரு சிறுமிக்குத் தன் பங்கு சப்பாத்தியைக் கொடுத்ததைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். அப்போது நான் பிறந்து நாற்பது நாள்; என் முகத்தைக்கூட அவர் பார்த்திருக்கவில்லை.

86 வயதிலும் விடியற்காலை நாலரைக்கே ஷேவிங், மடிப்புக் கலையாத சட்டை. டிசம்பர் 16 அன்று டிரங்குப் பெட்டியைத் திறந்து பதக்கங்களைத் துடைப்பார். யாரையும் தொடவிட மாட்டார். அவர் இல்லாத முதல் டிசம்பரில் நான் துடைத்தேன். அடியில் அம்மா எழுதிய இன்லேண்ட் கடிதங்கள். ஒவ்வொன்றிலும் என் எடையை எழுதியிருந்தாள்.