கீழே இறங்கும் கண்ணாடி மேலே ஏறாவிட்டால் மோட்டார் பழுதா?

பழைய காரில் பவர் விண்டோ கண்ணாடி கீழே இறங்கி, மேலே ஏற மறுத்தால் மோட்டார் போய்விட்டது, உடனே மாற்ற வேண்டும் என்று ஒருவர் கூறியிருக்கிறார். பெரும்பாலும் அப்படி இல்லை என்பதைப் பணிவுடன் சொல்ல விரும்புகிறேன்.

பழைய கார்களில் பரவலாக உள்ள இரண்டு கம்பி மோட்டாரில், மின்சாரம் பாயும் திசையை சுவிட்ச் மாற்றிவிடுவதால்தான் ஒரே மோட்டார் கண்ணாடியை ஏற்றவும் இறக்கவும் செய்கிறது. ஆகவே ஒரு திசையில் நன்றாகச் சுழலும் மோட்டாரைவிட, மறு திசைக்கான சுவிட்ச் முனை கருகியோ தேய்ந்தோ போயிருப்பதையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கதவின் உள்பலகையைக் கழற்றி, மோட்டாரின் கனெக்டரை (கம்பிகள் மோட்டாருடன் சேரும் இணைப்பை) பிரிக்காமலேயே அதன் பின்புறமாக, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் வைத்து, சுவிட்சை இருபுறமும் அழுத்திப் பாருங்கள். இறக்கும்போது ஏறத்தாழ 12 வோல்ட்டும், ஏற்றும்போது அதே அளவு எதிர்க்குறியுடனும் காட்ட வேண்டும். ஏற்றும்போது மட்டும் பூஜ்யமோ மிகக் குறைவாகவோ காட்டினால், குறை சுவிட்சிலோ கம்பியிலோதான் இருக்கிறது. கனெக்டரைக் கழற்றிவிட்டு அளந்தால், கருகிய சுவிட்ச் முனைகூட முழு வோல்ட்டைக் காட்டி நம்மை ஏமாற்றிவிடும். நானும் ஒருமுறை அப்படி ஏமாந்திருக்கிறேன்.

இரு திசையிலும் வோல்ட் சரியாக வந்து, கண்ணாடி முனகிக்கொண்டு நின்றால், அப்போது மோட்டாரையும் கண்ணாடி ஓடும் ரப்பர் தடத்தையும் பார்க்கலாம்.