தாயின் இதயத்தையும் பாருங்கள்
கர்ப்ப காலப் போதைப் பழக்கம் குழந்தையை மட்டுமல்ல, தாயின் இதயத்தையும் தாக்கும் என்பது மிக முக்கியம். கர்ப்பத்தில் ரத்த அளவே ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. இதயம் ஏற்கெனவே கூடுதலாக உழைக்கிறது. அந்த நேரத்தில் கோகெயின், மெத்தாம்ஃபெட்டமின் போன்ற போதைப்பொருள்கள் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். மாரடைப்பு வரலாம், இதயத்தசையே பலவீனமாகலாம். புகையிலையும் லேசானதல்ல.

படுத்தால் மூச்சு முட்டுவது, கால் வீக்கம் இதெல்லாம் இதயக் கோளாறின் அறிகுறியாகவும் இருக்கலாம்; ஆனால் கர்ப்பத்தில் சகஜம்தானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பிரசவத்துக்குப் பிறகும் சில மாதங்கள் இந்த ஆபத்து உண்டு.

அப்புறம், ஓபியாய்டு (ஹெராயின், மார்ஃபின் போன்ற அபின் வகை) பழக்கம் உள்ளவர்கள் பயந்துபோய் தாங்களாகவே சட்டென நிறுத்தக் கூடாது. இந்தப் பழக்கத்துக்கான மருந்துகளான மெத்தடோன், பியூப்ரனார்ஃபின் சிகிச்சை கர்ப்பிணிகளுக்கும் தரப்படுகிறது. திட்டுவார்களோ என்று மறைக்காமல் அவர்கள் மருத்துவரிடம் சொல்ல வேண்டுமானால், கேட்பவர் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும்.