கேட்காமல் வெட்டிய மரை

நேற்று மாலை லேத் பட்டறையிலிருந்து என் அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளின் அலுமினிய இஞ்சின் கேஸ் வீட்டுக்கு வந்தது. அப்போதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வேலை இவ்வளவுதான். ஒரு துளையில் மரை, அதாவது போல்ட்டு ஏறும் சுருள் பள்ளம், அழுக்கேறி லேசாகத் தேய்ந்திருந்தது. விட்வொர்த் என்பது பழைய பிரிட்டிஷ் அங்குல மரை; அதில் 5/16 அங்குல டேப்பை, அதாவது மரை வெட்டும் கருவியை, ஒரே ஒரு முறை மெதுவாக ஓட்டிக் கொடுத்தால் போதும். என் கையில் டேப் சாய்ந்துவிடுமோ என்று பயந்துதான் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அந்த அளவு டேப் அங்கே இருக்காது என்று தெரிந்து, நானே வெளியூரிலிருந்து வரவழைத்து, சுற்றியிருந்த எண்ணெய்க் காகிதத்தைக்கூடப் பிரிக்காமல் கேஸோடு சேர்த்துக் கொடுத்தேன். அளவைச் சீட்டில் எழுதி, அந்தத் துளைக்குப் பக்கத்திலேயே நூலால் கட்டினேன். வாயாலும் இரண்டு முறை சொன்னேன். திரும்பி வந்தபோது டேப் அதே எண்ணெய்க் காகிதத்துக்குள் இருக்கிறது. சீட்டு கட்டியது கட்டியபடி தொங்குகிறது. துளைக்குள் 8 எம்.எம். போல்ட்டு ஒன்று ஏறி நிற்கிறது.

"எட்டு எம்.எம். அடித்துவிட்டேன் சார், கல் மாதிரி உட்கார்ந்துவிட்டது" என்றார் பட்டறைக்காரர். அதைப் பெருமையாகச் சொன்னதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

கல் மாதிரி உட்காரத்தான் செய்யும். 5/16 அங்குலம் என்றால் 7.94 மில்லிமீட்டர். எட்டுக்கும் அதற்கும் மயிரிழைதான் வித்தியாசம். அதனால் எட்டு எம்.எம். போல்ட்டு முதல் இரண்டு சுற்று தானாகவே இறங்கும், பிறகு இறுகும். இறுகுவது ஏன் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டாமா? விட்வொர்த்தில் அந்த அளவுக்கு அங்குலத்துக்கு 18 மரை. எட்டு எம்.எம். போல்ட்டில் அதே நீளத்தில் 20க்கும் மேல். விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி, மெட்ரிக்கின் கோணம் 60. பல்லோடு பல் பொருந்தவே பொருந்தாது. அதற்கு மேல் எட்டு எம்.எம். டேப்பை விட்டுத் திருகினால் புது மரையும் பழைய மரையும் ஒன்றையொன்று அறுத்துக்கொண்டு, அலுமினியம் தூளாகக் கொட்டும். அந்தத் தூள் துளையின் அடியில் இன்னும் கிடக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளிச் சுருள் சுருளாக, எழுபது வருடத்துக்கு மேல் தாங்கி நின்ற உலோகம்.

வண்டி பி.எஸ்.ஏ. எம்20. இங்கிலாந்தில் பர்மிங்காமில் செய்தது. 496 சி.சி., ஒற்றை சிலிண்டர், சைடு வால்வு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல் செய்து கொடுத்தார்கள். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் தூது கொண்டு ஓடிய ரகம் இது. என் அப்பா ஓட்டினார். பிறகு கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டின் பின்புறக் கொட்டகையில் பல வருடம் நின்றது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கொட்டகையின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. அப்போதும் தார்ப்பாய்க்கு அடியில் இந்த வண்டி பிழைத்துக் கிடந்தது. தேவனாம்பட்டினத்து உப்புக்காற்று குரோமைத் தின்றது, சைலன்சரைத் தின்றது, மட்கார்டைச் சல்லடையாக்கியது. அதற்கெல்லாம் நான் யாரையும் நோகவில்லை. கடற்கரை ஊரில் இரும்பு துருப்பிடிக்கும். ஆனால் காற்றும் மழையும் தொடாத ஒரு மரையைச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு மனிதன் கெடுத்திருக்கிறான்.

இது முதல் தடவையும் அல்ல. வண்டியைப் பிரிக்கத் தொடங்கிய நாளிலிருந்து, முன்பு இதைத் தொட்ட ஒவ்வொரு கையின் தடமும் தெரிகிறது. கால்வாசிக்கு மேல் நட்டுகளுக்கு ஆறு முனையே கிடையாது, உருண்டு போயிருக்கின்றன. விட்வொர்த் ஸ்பேனரில் 1/4 என்று எழுதியிருந்தால் அது போல்ட்டின் தடிமன், ஸ்பேனர் வாயின் அகலம் அல்ல. வாய் அகலம் சுமார் 13.3 மில்லிமீட்டர். பதின்மூன்று ஸ்பேனர் அதில் நுழையாது, பதினான்கு வழுக்கும். வழுக்கினால் என்ன செய்திருக்கிறார்கள்? உளியை வைத்துச் சுத்தியலால் அடித்திருக்கிறார்கள். பின்சக்கர அச்சு நட்டில் மட்டும் ஏழு உளித் தழும்புகள் எண்ணினேன். சரியான ஸ்பேனர் கிடைக்காது என்று யாரும் சொல்ல வேண்டாம். புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய பூட்டுகளுக்கும் கத்தரிக்கோல்களுக்கும் நடுவில் குந்தித் தேடித் தேடி நான்கு ஸ்பேனர்களைச் சேர்த்தேன். ஒன்றில் '1/4 W' என்றும் '5/16 BS' என்றும் இரண்டு எழுத்தும் பொறித்திருக்கும். போர்க்காலத்தில் இரும்பை மிச்சம் பிடிக்க நட்டின் தலையை ஒரு படி சிறிதாக்கினார்கள், அதனால் பழைய 1/4 போல்ட்டின் தலையும் சிறிதாக்கிய 5/16 போல்ட்டின் தலையும் ஒரே அளவு. இவ்வளவு விவரத்தையும் இரும்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். படிக்க மனம் வேண்டும்.

நம் நாடு 1956இல் சட்டம் போட்டு மெட்ரிக்குக்கு மாறியது. நல்ல காரியம்தான், யாரும் மறுக்கவில்லை. அதற்கு முன்னால் பிறந்த இரும்பு மாறவில்லையே!

தெரியாததை நான் குற்றம் சொல்லவில்லை. இன்றைக்குத் தொழில் பழகும் பையன் விட்வொர்த்தை எங்கே பார்த்திருப்பான்? தெரியவில்லை என்றால் போன் செய்திருக்கலாம். என் எண் அதே சீட்டில்தான் இருந்தது. மரை கேஜ் என்று ஒன்று இருக்கிறது, விசிறி மாதிரி விரியும் சின்னத் தகடுகள், சில நூறு ரூபாய். பல்லில் வைத்துப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அளக்காமல், கேட்காமல், "நான் செய்தால் சரியாக இருக்கும்" என்று அடுத்தவன் பொருளில் கை வைக்கிறார்களே, அதற்குத்தான் என் வயிறு எரிகிறது.

அதே கடலூரில், இஞ்சினுக்குப் பொறி தரும் மேக்னெட்டோவைச் சரிசெய்து கொடுத்த பெரியவரும் இருக்கிறார். மூடியைத் திறப்பதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். பழைய சுருளை உரிக்கும்போது சுற்றுகளை எண்ணி நோட்டில் குறித்துக்கொண்டார். கண்டென்சரை மாற்றப்போகிறேன், சம்மதமா என்று கேட்டார். கேட்டார்! மூன்று வாரம் ஆனது. இன்றைக்குக் கையால் சுற்றினாலும் நீல நிறத்தில் பொறி பாய்கிறது.

பட்டறைக்காரரிடம் மீண்டும் போய்ச் சண்டை போட்டேன். "பேசாமல் ஒரு புல்லட் இஞ்சினை வைத்து ஓட்டுங்கள் சார், இதையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள்?" என்றார். நான் பார்ப்பேன். அப்பா கை வைத்த ஹேண்டிலுக்குக் கீழே அந்த இஞ்சின்தான் ஓட வேண்டும்.

இனி அந்தத் துளையைப் பெரிதாக்கி, ஹெலிகாயில் என்னும் கம்பிச் சுருள் மரையை இறக்கி, உள்ளே மறுபடியும் 5/16 விட்வொர்த் மரையைக் கொண்டுவர வேண்டும். சுற்றிலும் அலுமினியச் சுவர் மெலிந்திருக்கிறது. ஒரே ஒரு வாய்ப்புதான், தவறினால் கேஸே போய்விடும். கேஸைப் பழைய வேட்டியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். கடலூரிலோ புதுச்சேரியிலோ ஹெலிகாயில் போடத் தெரிந்த, மரை கேஜ் கையில் வைத்திருக்கும் ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு வரச் சொன்னாலும் வருகிறேன். வேலை முடியும் வரை பக்கத்தில்தான் நிற்பேன்.