'ரிமோர்ஸ்' என்றால் 'மறுபடி சாவது' இல்லை

செய்த தவறை எண்ணி மனம் வருந்துவதைச் சொல்லும் ஆங்கில 'ரிமோர்ஸ்', சாவைக் குறிக்கும் 'மோர்ஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது, 'மறுபடி சாவது' என்று பொருள் என ஒரு வாட்ஸ்அப் பதிவு சுற்றுகிறது. தவறு.

மூலம் 'ரெமோர்டேரெ' என்ற லத்தீன் வினை. 'ரெ' மறுபடி, 'மோர்டேரெ' கடிப்பது. அதன் எச்ச வடிவம் 'ரெமோர்சுஸ்'. பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது.

பதிவை எழுதியவர் ஏமாந்தது எழுத்துக்கூட்டில். சாவுச் சொல் வேற்றுமை ஏற்றால் 'மோர்ட்டிஸ்' ஆகிவிடும். அதனால்தான் 'மார்ட்டல்' (சாகக்கூடிய), 'இம்மார்ட்டல்' (சாவில்லாத) எல்லாவற்றிலும் அந்த 'ட்ட' ஒலி நிற்கிறது. 'ரிமோர்ஸ்' அந்த வீட்டுப் பிள்ளை என்றால் அதிலும் இருந்திருக்க வேண்டுமே! கடிக்கும் வினையின் எச்சத்தில்தான் 'ஸ' வருகிறது. ஒரு வாய் உணவைச் சொல்லும் 'மார்சல்' இதன் உடன்பிறப்பு.

இன்னும் உறுதியான சான்று 1340இல். இங்கிலாந்தின் கேன்டர்பரித் துறவி டான் மைக்கேல் பிரெஞ்சிலிருந்து பெயர்த்த நூலின் தலைப்பு 'அயன்பைட் ஆஃப் இன்விட்', அதாவது 'மனச்சாட்சியின் மறுகடி'. ஜெர்மனிலும் இது மனச்சாட்சிக் கடிதான்.

தமிழில் 'கழிவிரக்கம்' பொருந்தும். இங்கே 'கழிவு' குப்பையல்ல, கழிந்துபோனது. அதைத் தன்னிரக்கத்துக்குப் போடுவது வேறொரு பிழை.